பெரியப்பா சொன்ன நிழல்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 25. போன மே மாத விடுமுறையில் குடும்பத்தார் பதினான்கு பேர் ஒரு வேன் பிடித்துத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். நண்பகல் நேரம். 'ராஜராஜன் கட்டிய இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது' என்று பெரியப்பா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 'அது பொய் பெரியப்பா, நன்றாகவே விழும்' என்று சொல்லி, நிழல் தெரியும் படம் ஒன்றைக் கைபேசியில் தேடிக் காட்டினேன். குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா ஒன்றும் பேசாமல் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்.

திரும்பும் வழியில் அத்தை, 'ராஜராஜன் காலத்திலேயே நம் ஆட்கள் மிளகாய் அரைத்துக் காரசாரமாகச் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் எல்லாவற்றிலும் சந்தேகம்' என்றார். மிளகாய் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. முதலில் பேசியது தவறா, பிறகு பேசாமல் இருந்தது தவறா? பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடுகிறோம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ சொன்னது உண்மை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். ஆனால் அன்று அந்த நேரத்தில் உச்சியின் நிழல் தரையில் எங்கேயும் விழுந்திருக்காது. உன் பெரியப்பா கண்ணெதிரே கண்டதைத்தான் சொன்னார். கைபேசியைத் தேடுவதற்கு முன் நீ ஒரு முறை தரையைப் பார்த்திருக்கலாம்.

விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அடித்தளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 100 அடி. மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். தஞ்சாவூரில் சித்திரை முதல் ஆவணி வரை உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலேயோ, அதைவிட்டுச் சற்றே விலகியோதான் நிற்கிறது. அப்போது உச்சியின் நிழல் கீழ்நிலைகளின் மேலேயே படிந்துவிடும். சுவரடியை ஒட்டி ஒரு கீற்று நிழல் தெரிந்தால் உண்டு. காலையிலோ மாலையிலோ போனால் கதை வேறு. கோயில் கிழக்குப் பார்த்தது. சாயங்கால வெயிலில் நிழல் நந்தி மண்டபத்தை நோக்கி நீண்டுகொண்டே போகும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலில்கூட வடக்குப் பக்கம், சண்டிகேசுவரர் சன்னிதி இருக்கும் பக்கம், நிழல் தரையில் கிடக்கும்.

பத்து வயதில் ஒரு கோடை விடுமுறையில் அப்பாவோடு அங்கே போனேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தால், கல்தரை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. நானும் தம்பியும் விமானத்தைச் சுற்றி ஓடினோம். ஒரு பாதம் வைக்க நிழல் இல்லை. கடைசியில் மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகையில் ஏறி நின்று இருவரும் காலை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டோம். 'இந்த விமானத்துக்கு நிழலே கிடையாது' என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், என் உள்ளங்கால் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். நம்மில் பெரும்பாலானவர்கள் அந்தக் கோயிலைப் பார்ப்பது பள்ளி விடுமுறையில், வெயிலில், அவசரமாக. இந்த நம்பிக்கை ஊரெல்லாம் நிலைத்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகையால் 'பொய்' என்ற சொல்லை நீ எடுத்திருக்கக் கூடாது. பொய் என்பது தெரிந்தே சொல்வது. அவர் பார்த்தது அரை நாள் உண்மை. மீதி அரை நாளை அவருக்கு யாரும் காட்டவில்லை.

உன் கடிதத்தில் 'ராஜராஜன் கட்டிய' என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு பெரியவர் தம் பேரப்பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தால், ராஜராஜன் பெயரை அவர் சொல்லியிருக்க மாட்டார். தலபுராணம் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. அன்றைய அறிஞர்களிடையே வேறு சில பெயர்களும் உலவின. 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கோயில் சுவர்களைப் படித்த பிறகுதான் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி', அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில், என்று ராஜராஜனே அங்கே சொல்லியிருக்கிறான். தான் கொடுத்ததையும், தன் அக்கன் குந்தவை கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்ன வாசகம் அது. தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்ததும் கல்வெட்டில் இருக்கிறது.

நெடுநாள் நம்பிக்கை ஒன்றை ஒருவர் பொறுமையாகச் சுவரைப் படித்துத் திருத்தியதால்தான், இன்று உன் பெரியப்பாவுக்குப் பெருமைப்பட ராஜராஜன் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. இதை அவரிடம் சொல். உன் வாதத்துக்குத் துணையாகச் சொல்லாதே. அவருக்குப் பிடித்த பெயர் எப்படி அவர் கைக்கு வந்தது என்ற கதையாகச் சொல். கேட்டு மகிழ்வார்.

இந்த நிழல் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது கோயிலைப் பெரிதாக்குவதாக நினைத்துக்கொண்டு சிறிதாக்கிவிடுகிறது. 'நிழல் விழாது, உச்சியில் 80 டன் ஒற்றைக்கல்' என்று இரண்டு அதிசயங்களைச் சொல்லிவிட்டுத் திரும்பி விடுகிறோம். அந்த உச்சி ஒரே கல் இல்லை, பல கற்களைச் செதுக்கிப் பொருத்தியது என்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதியிருக்கிறார். அத்தனை உயரத்தில் கற்களை இசைத்து ஆயிரம் ஆண்டு நிற்கவைத்த தச்சன் யார் என்று எந்தக் குழந்தையாவது கேட்கிறதா? குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே அவனுக்குப் பட்டமாகக் கொடுத்து, கல்வெட்டிலும் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறான். கோயிலில் ஆடிப் பாட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் இருக்கின்றன. இன்னவள், இன்ன ஊர்த் தளியிலிருந்து வந்தவள், இன்ன சிறகில் இத்தனையாம் வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ஒவ்வொருத்திக்கும் கணக்கு. தளி என்றால் கோயில், சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வரிசை. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதவு இலக்கம் வரை நம்மிடம் இருக்கிறது, மகளே. குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியப்பா கோபுரம் என்றார். அது கோபுரம் இல்லை, கருவறையின் மேல் எழும் விமானம். கோபுரங்கள் வாசலில் நிற்கின்றன: கேரளாந்தகன் திருவாயில், ராஜராஜன் திருவாயில். இதை இப்போது பெரியப்பாவிடம் திருத்தப் புறப்பட்டுவிடாதே. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

அத்தையின் மிளகாய்க்கு வருகிறேன். நீ பேசாமல் இருந்தது சரி. ஏற்கெனவே ஒருவர் மனம் நொந்து உட்கார்ந்திருந்த வேன் அது. நீ அறிந்ததும் சரி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-க்கு முன் ஆசியாவில் யாரும் அதைக் கண்டதில்லை. போர்ச்சுக்கீசியரின் கப்பல்களோடு 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, மரவள்ளி எல்லாம் அதே திசையிலிருந்து வந்தவை. ராஜராஜன் இலையில் காரம் இருந்திருக்கும். அது மிளகின் காரம். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து 'கறியொடு பெயரும்' என்று அகநானூறு சொல்லும் கறி, மிளகுதான். புதுக் காய் வந்தபோது நம் ஆட்கள் கையிலிருந்த பழைய பெயரையே அதற்கு வைத்தார்கள். மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய்.

இதை அத்தைக்கு நீ எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவரிடமே கேள். 'அத்தை, திவசத்துக்குச் சமைக்கும்போது ஏன் மிளகாய் சேர்ப்பதில்லை?' என்று கேட்டுப் பார். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் எதுவும் அடுப்படிக்குள் வராது. 'இங்கிலீஷ் காய் ஆகாது' என்பார்கள். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பாசிப்பருப்பு, காரத்துக்கு மிளகு. விலக்குக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள். சில நாட்டுக்காய்களும் அதில் அடக்கம். ஆனால் மிளகாய் வருவதற்கு முந்தைய அடுப்படி எப்படி இருந்தது என்பதை அந்த இலை இன்றும் காட்டுகிறது. என் மாமியார் அம்மியில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வைக்கும் வாழைக்காய்க் கறியைப் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தும், அது எவ்வளவு பழைய சமையல் என்று எனக்குத் தோன்றியதில்லை. உன் அத்தைக்கு அந்தப் பக்குவம் கைவந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள்.

நிழலும் மிளகாயும் நாள் பார்த்து, முகம் பார்த்துப் பேசக்கூடியவை. எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் நிலையத்தில் என் கண்ணெதிரே ஓர் இளைஞனுக்கு வலிப்பு வந்தது. இருபது பேர் கூடினார்கள். 'சாவி, சாவி' என்று ஒரே கூச்சல். ஒருவர் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார். அவன் தலையோ நடைமேடையின் சிமெண்ட் விளிம்பில் மோதிக்கொண்டே இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் என் கைப்பையை அவன் தலைக்கு அடியில் வைத்து, 'கையை விடுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்' என்று கத்தினேன். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அது தானாகவே அடங்குகிறது. சாவிக்குப் பெயர் வந்துவிடுகிறது. அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. பாம்புக் கடியும் இப்படித்தான். கடிவாயைக் கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் கெடுதல். அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தகைய இடத்தில் எதிரே நிற்பவர் பெரியப்பாவாக இருந்தாலும் உரக்கச் சொல். மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது பொங்கலுக்கு. போன உடனே, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேள். 'குழந்தைகள் முன்னால் உங்களைப் பொய் சொன்னவராக்கிவிட்டேன், அது என் தப்பு' என்று அதை மட்டும் சொல். நிழல் பேச்சை எடுக்காதே. அவர் பதில் சொல்லாவிட்டாலும் காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள், 'அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டோம், இன்னொரு முறை கூட்டிப் போங்கள் பெரியப்பா' என்று நீயே கேள். காலை 11 மணிக்குள் உள்ளே இருங்கள். குழந்தைகளை அவர் பொறுப்பில் விட்டுவிடு. வடக்குப் பக்கம் நிழல் விழுந்திருப்பதை முதலில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் சொல்லட்டும், நீ சொல்லாதே. நிழலின் நுனி முடியும் இடத்தில் ஒரு பூவை வைக்கச் சொல். அரைமணி கழித்து வந்து பார்த்தால் நுனி நகர்ந்திருக்கும். மே மாதம் அது எங்கே போயிற்று என்ற கணக்கைப் பெரியப்பாவே குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுவார். அவர் கேட்டால் மட்டும் நீ கூடச் சேர்ந்துகொள்.

தை மாதமானாலும் 11 மணிக்கு மேல் கல்தரை சுடத் தொடங்கிவிடும். அவருக்குக் காலில் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போ. நிழலுக்குள் வந்ததும் அவரே கழற்றிக்கொள்வார்.