ஒரு செல் உயிரிகள் துணையின்றி எப்படிப் பெருகுகின்றன? எல்லாமே இரண்டாகப் பிளப்பவைதானா?

இரண்டாகப் பிளப்பவைதான் அதிகம். ஆனால் எல்லாமே அப்படியல்ல.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. வட்ட டிஎன்ஏ ஓரிடத்தில் தொடங்கி இரு திசையிலும் நகலாகிறது. நகல்கள் விலகியதும் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் செல்லின் நடுவே வளையமாகக் கூடும். அங்கே குறுக்குச்சுவர் எழும்பும். அந்தப் புரதம் செயலிழந்தால் செல் பிளக்காமல் நீண்ட இழையாக வளர்ந்துகொண்டே போகும். நல்ல ஊட்டம் கிடைத்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா 37 டிகிரி செல்சியஸில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும். டிஎன்ஏ முழுவதும் நகலாகவோ ஏறக்குறைய 40 நிமிடம் வேண்டும்! முதல் சுற்று முடியுமுன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால்தான் இது நடக்கிறது. பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் அற்புதமான பகுதி இது.

அமீபாவில் முதலில் உட்கரு பிரியும், பிறகு அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசம். பாரமீசியம் குறுக்காகப் பிளக்கும், யூக்ளினா நீளவாக்கில்.

ரொட்டி ஈஸ்ட் மொட்டுவிடும். மொட்டு ஓர் உட்கருவைப் பெற்றுப் பிரிந்ததும் தாய்ச் செல்லின் சுவரில் தழும்பு தங்கிவிடும். சுமார் 25 மொட்டுகளுக்குப் பின் தாய் ஓய்ந்துவிடும். ஆகவே ஒரு செல் உயிரிக்கு மூப்பே இல்லை என்பது தவறு.

மலேரியா ஒட்டுண்ணி இன்னொரு வகை. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் உட்கரு சிவப்பணுவுக்குள் திரும்பத் திரும்பப் பிரியும். சுமார் 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரையான சேய்கள் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு ஒன்றாக வெளியேறும். காய்ச்சல் ஏறுவதும் அப்போதுதான்.