அகதிகள் ஊரோடு ஒட்டி வாழ மொழிதான் பெரிய தடையா?

மற்ற நாடுகளில் இருக்கலாம். எனக்கு மொழி ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை.

1990இல் மன்னார் பேசாலையிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஒரு வயது. மண்டபத்தில் பதிவு செய்து, பிறகு வேறு மாவட்ட முகாமுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குள் "கதைப்போம்", வாசலைத் தாண்டினால் "பேசுவோம்". வித்தியாசம் அவ்வளவுதான். என் மனைவி பக்கத்து ஊர்க்காரி. அம்மா வைக்கும் சொதியை இன்னும் "தேங்காய்ப்பால் குழம்பு" என்றுதான் சொல்வாள்.

2010இல் பொறியியல் முடித்தேன். கேம்பஸில் ஒரு கம்பெனி என்னை எடுத்தது. சேரப் போன அன்று படிவத்தைப் பார்த்த மேடம், "நேஷனாலிட்டி ஏன் காலியா இருக்கு?" என்றார்.

"இலங்கைன்னு போட்டா அந்த பாஸ்போர்ட் கேப்பீங்க மேடம், அது இல்ல. இந்தியான்னு போட்டா பொய்."

உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "கூப்பிடுறோம்" என்றார். கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போனேன். பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சாரத்தில் ஏறி ரோலர் உருட்டுவது. முகாம் ஆட்கள் ஏன் எல்லாரும் பெயின்டர் என்று கேட்பார்கள். சுவர் காகிதம் கேட்காது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் முகாமில் மாதம் இரண்டு முறை செக்கிங். அன்று ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையில் கை வைப்பார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவன் அதற்காக இரண்டு நாள் கூலியை விட்டு வர வேண்டும். எந்த மாதச் சம்பள முதலாளி இதைப் பொறுப்பார்?

தமிழ்நாடு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், வீடுகள் கட்டினார்கள், குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். "அகதிகள் முகாம்" பெயரும் "மறுவாழ்வு முகாம்" ஆனது.

ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சேர்த்தார்கள், இலங்கை அதில் இல்லை. ஆவணமில்லாமல் வந்ததால் சட்டப்படி நான் "சட்டவிரோதக் குடியேறி". 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, ஆவணமில்லாமல் வந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நிம்மதிதான், ஆனால் குடியுரிமை கிடைக்கவில்லை.

இதைவிட என்னைக் குடைவது வேறு. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளை குடிமகளாக, தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஊர்ப் பெண்ணைக் கட்டி, ஊரோடு ஒட்டியாயிற்று. ஆறு வயது மகளுக்கு "கதை" என்றால் பாட்டி சொல்லும் கதை மட்டும்தான். அவளுடைய படிவத்திலும் அந்த ஒரு கட்டத்துக்கு வரும்போது மனைவி பேனாவை என்னிடம் நீட்டிவிடுகிறாள்.