ஒரே விளையாட்டா, பல விளையாட்டா? பாடசாலை றக்பி: கேள்வி-பதில்

சீசன் நெருங்குவதால் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை றக்பி விளையாடும் பிள்ளைகளைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

என் மகனுக்கு 13 வயது. 14 வயதுக்குட்பட்ட அணியில் சென்டர். கிரிக்கெட்டும் நீச்சலும் உண்டு. மற்றதையெல்லாம் விட்டால்தான் இனி அணியில் இடம் என்று கோச் சொல்லிவிட்டார். மகன் அழுகிறான். என்ன செய்வது? (தாய், வெள்ளவத்தை)

விட வேண்டாம் அம்மா. 13 வயதில் எந்த விளையாட்டையும் விட வேண்டியதில்லை.

பாடசாலை றக்பியைத் தென்னாபிரிக்கா அளவுக்குத் தீவிரமாக நடத்தும் நாடுகள் குறைவு. மாகாணப் பாடசாலை அணிகள் மோதும் கிரேவன் வாரம் அங்கே 1964 முதல் நடக்கிறது. 2005இல் 13 வயதுக்குட்பட்டோர் கிரேவன் வாரத்தில் ஆடிய 349 பையன்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 16 வயதுப் போட்டிக்கு வந்தபோது அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே திரும்பவும் தெரிவானார்கள். 18 வயதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 13 வயது நட்சத்திரங்களில் முக்கால்வாசிப் பேரின் இடத்தை, 13 வயதில் அந்தப் போட்டிக்குத் தெரிவாகாத பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள்.

காரணம் லேசானது. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது ஏறக்குறைய 14 வயதில். அது சராசரிதான்; ஒருவனுக்கு 12இலேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகும். ஆகவே உங்கள் மகனின் அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். தெரிவு நடக்கும்போது உயரமும் எடையும்தான் முதலில் கண்ணில் படும். பெரியவனுக்குப் பந்தைக் கொடுத்தால் மூன்று பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை வைப்பான். அவனுக்குப் பாஸ் கொடுக்கவும் ஆளில்லாத இடத்தைத் தேடி ஓடவும் தேவையே வருவதில்லை. 17 வயதில் எல்லோரும் வளர்ந்து முடிந்ததும் அவனிடம் மிஞ்சுவது ஒரே ஒரு வித்தை. பாவம் அந்தப் பிள்ளை, அவனுக்கும் நாங்கள் நல்லது செய்யவில்லை.

பல விளையாட்டு ஆடுபவன் அதே காலத்தில் வேறொன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஸ்லிப்பில் பிடி எடுப்பவனுக்கு, பந்து கைக்கு வரும் கடைசி நொடிவரை கண் அதைவிட்டு விலகாது. உயர உதைத்த பந்துக்குக் கீழே நிற்கும்போது எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் ஃபுல்பெக்குக்கு வேண்டியது அதுதான். கூடைப்பந்து ஆடியவன் தலையைத் திருப்பாமலே பக்கத்தில் யார் வருகிறான் என்று அறிவான். நீச்சல் மூட்டுகளில் அடி விழாமல் மூச்சை வளர்க்கிறது.

குமார் சங்கக்காரவை எடுங்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் சிறுவனாக இருந்தபோது பட்மின்டன், டெனிஸ், மேசைப்பந்து, நீச்சல், கிரிக்கெட் என்று எல்லாவற்றிலும் இறங்கியவர். கிரிக்கெட்டில் ஊன்றியது பிறகு, அதிபரின் ஆலோசனையின் பேரில். நியூசிலாந்தின் ஜெஃப் வில்சன் 1993இல் கிரிக்கெட்டில் ஒருநாள் போட்டிகளிலும் ஆடினார், அதே ஆண்டில் நாட்டின் றக்பி அணியான ஓல் பிளாக்ஸுக்கும் வந்தார். இவர்கள் அபூர்வமானவர்கள், எல்லாப் பிள்ளையும் இப்படி வராது. ஆனால் இரண்டாவது விளையாட்டு முதலாவதைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இவர்களே நல்ல பதில்.

எங்கள் நாட்டில் இது புதுமையும் இல்லை. வழமையாக மார்ச்சில் கிரிக்கெட் பெரும்போட்டிகள் முடிந்தபின் றக்பி சூடுபிடிக்கும். இரண்டிலும் கலர்ஸ் எடுத்த பையன்கள் எந்தத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு விளையாட்டும் வருடம் முழுக்கப் பயிற்சி கேட்கிறது. நெருக்கடி அங்கேதான்.

கோச்சுடன் சண்டை வேண்டாம். அவருக்கும் பழைய மாணவர்களின் அழுத்தம், முடிவு காட்ட வேண்டிய அழுத்தம் இருக்கிறது. பொறுப்பாசிரியரையும் வைத்துக்கொண்டு கதையுங்கள். மகனின் கிழமை அட்டவணையை எழுதிக்கொண்டு போங்கள்: றக்பி சீசனில் இந்த நாட்கள் முழுதாக உங்களுக்கு, நீச்சல் ஒரு நாள் மட்டும், சீசன் முடிந்ததும் கிரிக்கெட். பெரும்பாலானவர்கள் தாளில் கண்டால் இறங்கி வருவார்கள். அவர் மறுத்தாலும் நான் சொல்வது அதேதான். 14 வயது அணியில் ஒரு சீசனை இழந்தவன் 16இல் திரும்பி வரலாம். விளையாட்டே வெறுத்துப்போனவன் திரும்பி வருவது கஷ்டம்.

அண்ணா, எனக்கு 15 வயது, 48 கிலோ. ஸ்க்ரம் ஹாஃப். எதிரணியில் 80 கிலோ ஆட்கள் வருகிறார்கள். ஜிம் போய் உடம்பு ஏற்றவா? நண்பர்கள் ஒரு பவுடர் குடிக்கிறார்கள், நானும் குடிக்கலாமா? (கண்டி)

தம்பி, பவுடர் வேண்டாம். உன் வயதில் மூன்று வேளைச் சோறு, அதோடு முட்டை, மீன், பருப்பு, பால், ஒன்பது மணி நேர நித்திரை போதும். டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது கொடுக்கும் நண்பனுக்கே தெரியாது. தென்னாபிரிக்காவில் கிரேவன் வாரத்துக்கு வந்த பாடசாலைப் பையன்களே ஸ்டீரொய்ட் பரிசோதனையில் பல வருடங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த வழியின் வாசலுக்கே போகாதே.

ஜிம் போகலாம், சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் நின்றால். முதலில் உன் உடம்பைத் தூக்கப் பழகு: புல் அப், புஷ் அப், ஒற்றைக்காலில் ஸ்குவாட். எடை ஏற்றுவது பிறகு.

80 கிலோவை நிறுத்துவது எடையைவிட முறையில்தான் இருக்கிறது. அவன் வரும்போது கிட்டப் போ. எட்ட நின்று கையை நீட்டினால் உன் தோள்தான் கழரும். முன்கால் அவன் காலடிக்குப் பக்கத்தில் விழ வேண்டும். கண் அவன் இடுப்பில். தோள் அவன் தொடையில் படும்போது உன் கன்னம் அவன் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அதாவது உன் தலை அவன் உடம்புக்குப் பின்னால், அவன் ஓடும் பாதைக்குக் குறுக்கே ஒருபோதும் இல்லை. இரண்டு கையையும் சுற்றி இறுக்கிக்கொண்டு கால்களை நிறுத்தாமல் ஓட்டு. தொடை இரண்டும் சேர்ந்துவிட்டால் எவ்வளவு பெரியவனும் விழத்தான் வேண்டும். இதை முதலில் முழங்காலில் நின்று, பிறகு நடந்து, அப்புறம்தான் ஓடிப் பழகு. பாடசாலையில் ஜூடோ இருந்தால் சீசன் இல்லாத காலத்தில் சேர்ந்துகொள். விழக் கற்றவனுக்குப் பயம் குறையும்.

ஓக்லாந்துப் பாடசாலைகளில் வயதுப் பிரிவோடு எடைப் பிரிவுப் போட்டிகளும் உண்டு. சின்ன உடம்புக்காரர் தமக்குச் சமமானவர்களோடு ஆடி வளர்கிறார்கள். இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். மகனின் பாடசாலையில் றக்பி இல்லை. 14 வயது, உதைபந்தும் 100 மீற்றரும் நன்றாக ஓடுவான். தொடங்கப் பிந்திவிட்டதா? (தந்தை)

இல்லவே இல்லை. அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் குறுந்தூர ஓட்டக்காரர். 2012இல், இருபதைக் கடந்த பிறகுதான் றக்பிப் பந்தைத் தொட்டார்; 2016 ரியோ ஒலிம்பிக்கில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் றக்பி ஆடினார். உங்கள் மகன் ஓட்டத்தையும் உதைபந்தையும் விடாமல் தொடரட்டும். கபடியும் ஆடினால் இன்னும் நல்லது. ஆளை ஏமாற்றி விலகுவது, காலைப் பிடித்து விழுத்துவது இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். ஆறேழு பேர் சேர்ந்து மாலையில், ஆளை விழுத்தாமல் தொட்டு நிறுத்தும் டச் றக்பி ஆடினால் பாஸ் தானாக வரும்.

13 வயது மகனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு, தொட்டால் வலி. றக்பி, கூடைப்பந்து, தடகளம் மூன்றும் செய்கிறான். பல விளையாட்டு நல்லது என்கிறீர்களே, இது அதனால்தானே? (தாய், மட்டக்களப்பு)

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் இடத்தையும் வயதையும் பார்த்தால், வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலையாக இருக்கலாம். தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முற்றாத வளர்ச்சிப் பகுதி. ஓடிக் குதிக்கும்போது அந்த இடம் திரும்பத் திரும்ப இழுபடும். வளர்ச்சி முடிய அநேகமாகத் தானே ஆறிவிடும், ஆனால் அதுவரை சுமையைக் குறைக்க வேண்டும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. பல விளையாட்டு நல்லது என்றால் எல்லாவற்றையும் ஒரே கிழமைக்குள் திணிப்பது நல்லது என்று ஆகாது. மூன்று கோச்மாரும் தங்கள் பயிற்சியை மட்டும்தான் எண்ணுகிறார்கள், மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்தக் கூட்டலை வீட்டில் செய்யுங்கள். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு இது: கிழமைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 13 வயதென்றால் 13 மணி, போட்டியும் பாடசாலை உடற்கல்வியும் சேர்த்து. கிழமையில் ஒரு நாளாவது முழு ஓய்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரே விளையாட்டில் ஊன்றும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து வருடத்தில் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, விடுப்புக் கேட்கிறார்கள். உங்கள் மகன் மூன்றும் குதித்து ஓடும் விளையாட்டாக எடுத்திருக்கிறான். இப்போதைக்கு ஒன்றை நிறுத்தி நீச்சலில் விடுங்கள்.

போன சனிக்கிழமை மகனுக்குத் தலையில் அடி. கொஞ்ச நேரம் எந்த மைதானம் என்றே தெரியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். வருகிற சனி முக்கியமான மட்ச். ஆடலாமா? (தந்தை, கொழும்பு)

கூடாது. எந்த மட்சாக இருந்தாலும் கூடாது. சமூக மட்ட ஆட்டத்தில் தலையில் அடிபட்டுக் கன்கஷன் (மூளை அதிர்ச்சி) ஆனவர் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்பது உலக றக்பி அமைப்பின் வழிகாட்டல். அதுவும் படிப்படியாக, அறிகுறி ஒன்றும் இல்லாமல், வைத்தியர் பார்த்த பிறகு. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் பிள்ளையின் மூளை வீங்கி உயிரே போகலாம். இன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கோச்சுக்கும் நீங்களே எழுத்தில் அறிவியுங்கள், மகனைச் சொல்ல விடாதீர்கள். அவன் ஆடத்தான் விரும்புவான்.

சரி, அப்படியென்றால் எப்போதுதான் ஒன்றைத் தெரிவு செய்வது? (வெவ்வேறு ஊர்களிலிருந்து பலர்)

15, 16 வயதுக்கு முன் வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு சாதாரணதரப் பரீட்சை முடிந்த இடைவெளி அதற்கு வசதியான காலம். உடம்பு பெரும்பாலும் வளர்ந்திருக்கும், உயர்தரத்துக்கு எந்தப் பாடசாலை என்ற பேச்சும் அப்போதுதான் வரும். றக்பிக்காக வேறு பாடசாலை அழைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: காயப்பட்டால் சலுகை தொடருமா, பாடங்களுக்கு யார் பொறுப்பு, சீசன் இல்லாத மாதங்களில் வேறு விளையாட்டு ஆட விடுவார்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன், பெரியவர்கள் யாரும் இல்லாத நேரத்தில், எதை விட்டால் தாங்காது என்று மகனையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை, அவனை அவசரப்படுத்த வேண்டாம்.