நெடுவாளுக்குப் போட்டி தேவையா? கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

ஐரோப்பாவின் பழைய வாள்வீச்சைச் சுவடிகளிலிருந்து மீட்டுப் பயிலும் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தக் கலையைச் சுருக்கமாக 'ஹெமா' என்போம். பதினொரு வருடமாக நெடுவாள் பிடிக்கிறேன். போட்டிகளில் இறங்கியிருக்கிறேன், கொடி பிடித்து நடுவராகவும் நின்றிருக்கிறேன். இந்தக் கலைக்குப் போட்டி அவசியமா என்பதைச் சுற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நம்ம பவானி தேவி ஒலிம்பிக்கில் ஆடினாரே, அதுதானா இது?

தூரத்து உறவு. டோக்கியோவில் அவர் பிடித்தது சேபர் என்னும் லேசான ஒற்றைக்கை வாள். 500 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, உடம்பில் பட்டதும் விளக்கு எரியும். நாங்கள் பழகுவது 'ஃபெடர்' என்னும் மழுங்கிய வாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். விளக்கெல்லாம் கிடையாது, நடுவர்களின் கண்தான். அதனால் சண்டையும் அதிகம்.

போட்டி நுழைந்தால் கலை கெட்டுப்போகும் என்பதற்கு ஒலிம்பிக் ஃபென்சிங்கே சாட்சி இல்லையா? தெரிந்தே அதே குழியில் ஏன் விழ வேண்டும்?

பயம் நியாயமானது. ஃபென்சிங்கில் சேபர் தவிர எப்பே, ஃபாயில் என்று இன்னும் இரண்டு வாள்வகை உண்டு. பட்டதைக் காட்டும் மின்கருவி 1936இல் எப்பேவுக்கு வந்தது, பிறகு ஃபாயிலுக்கும் வந்தது. நுனி அழுந்தினால் போதும் என்றானபோது, ஃபாயிலைச் சாட்டை மாதிரி வளைத்து எதிராளியின் முதுகைத் தொட்டுப் புள்ளி எடுக்கப் பழகினார்கள். உண்மையான வாள் அப்படி வளையாது. 2005இல் நுனி அழுந்தியிருக்க வேண்டிய நேரத்தைக் கருவியில் கூட்டித்தான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. விதியில் ஓர் ஓட்டை இருந்தால் ஆட்டக்காரன் அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான்.

ஆனால் 'அந்தக் காலத்தில் இது சுத்தமான போர்க்கலை, போட்டி நாம் கொண்டுவந்த கெடுதல்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்மன் நகரங்களில் 'ஃபெக்ட்ஷூலே' என்ற பெயரில் பொதுமக்கள் முன்னால் வாள் போட்டி நடந்தது. மார்க்ஸ்புரூடர் என்ற வாள்வீரர் சங்கத்துக்கு 1487இலேயே பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் உரிமைப் பட்டயம் கொடுத்தார். போட்டியில் வாளால் குத்தக் கூடாது, வெட்டு மட்டும்தான். தலையில் உயரமான இடத்தில் யார் ரத்தம் வரவைக்கிறாரோ அவருக்கே வெற்றி. இது விளையாட்டு விதி இல்லாமல் வேறென்ன?

நாங்கள் வேதம் மாதிரி படிக்கும் நூல்களில் ஒன்று யோவாக்கிம் மேயர் 1570இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அச்சிட்டது. அவர் கத்தி செய்யும் தொழிலாளி. ஃபெக்ட்ஷூலே நடத்த அனுமதி கேட்டு நகர மன்றத்துக்கு அவர் போட்ட மனுக்கள் இன்றும் இருக்கின்றன. புத்தகம் போட்டுக் கடனாளியாகி அடுத்த வருடமே இறந்துபோனார். (புத்தகம் போட்டுக் கடன்படுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போல.) அவருடைய நெடுவாள் பாடத்தில் குத்து பெரும்பாலும் இல்லாததற்குக் காரணமே அந்தப் போட்டி மரபுதான். ஆக, 'போட்டியால் கெடாத சுவடி'யைத் தேடினால் மேயரையே தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும்.

நான் சிலம்பம் ஆடுகிறவன். எங்களிடமும் அலங்கார வீச்சா, தொடுமுறையா என்று இதே வாக்குவாதம் உண்டு. உங்களுக்கு என்ன வித்தியாசம்?

உங்களுக்கு ஆசான் இருக்கிறார். கால் தவறினால் கம்பாலேயே முழங்காலில் ஒன்று போடுவார். எங்களுக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. லீக்டனவர் என்ற ஜெர்மன் ஆசான் விட்டுப்போனது பாட்டுதான். அதையும் வெளியாட்களுக்குப் புரியக் கூடாது என்றே மறைபொருளாகக் கட்டியிருக்கிறார், நம் சித்தர் பாடல்களின் பரிபாஷை மாதிரி. பிறகு வந்தவர்கள் எழுதிய உரையை வைத்துத்தான் இன்றைக்கு நாங்கள் பொருள் சொல்கிறோம். உரையும் பல இடத்தில் அரைகுறை.

அப்படியென்றால் நான் புரிந்துகொண்டது சரியா என்று யார் சொல்வது? என் குழு நண்பன் சொல்லமாட்டான். நான் எப்படி வெட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தோதாகவே வாளை நீட்டுவான். என்னை முன்பின் பார்த்திராத, என்னிடம் தோற்க விரும்பாத ஒருவன் எதிரே நிற்க வேண்டும். போட்டி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கோப்பை எனக்கு இரண்டாம்பட்சம்.

யூடியூபில் போட்டி வீடியோ பார்த்தேன். சுவடிப் படங்களில் உள்ள அழகான வெட்டு ஒன்றுகூட இல்லை. கையைத் தட்டிவிட்டு ஓடுகிறார்களே?

உண்மை. எதிராளிக்கு எப்போதும் கிட்டத்தில் இருப்பது கைதான், தட்டுவது சுலபம். முன்னொரு போட்டியில் எனக்கும் பாடம் கிடைத்தது. 'ட்ஸ்வெர்க்ஹாவ்' என்று ஒரு வெட்டு உண்டு. கட்டைவிரலை வாளின் தட்டைப் பக்கத்தில் ஊன்றி, வாளைத் தலைக்கு மேல் கிடையாகச் சுழற்றி எதிராளியின் காதோரம் இறக்க வேண்டும். கைப்பிடி உயரே, முகத்துக்கு முன்னால் இருந்தால்தான் குறுக்குக் கம்பி விரலைக் காக்கும். நான் நாலு விரற்கடை தாழ்த்தி வைத்திருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், கனத்த கையுறைக்குள்ளேயே கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. நாலு வருடமாக அந்த வெட்டை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்!

ஆகவே கையைத் தட்டுவதைத் தடை செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குத் தலைவெட்டுக்குச் சமமான புள்ளி கொடுத்தால் எல்லோரும் அதையே செய்வார்கள். கைக்குக் குறைத்து, தலைக்குக் கூட்டிக் கொடுக்கும் போட்டிகளில் ஆட்டமே வேறு மாதிரி இருக்கும்.

இருவருமே ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டால்? நிஜத்தில் இரண்டு பேருமே காலி இல்லையா?

நல்ல கேள்வி, எங்கள் தீராத தலைவலியும் இதுதான். இத்தாலிய ஆசான் ஃபியோரே 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலின் முன்னுரையில் ஒரு விஷயம் சொல்கிறார். கவசம் போட்டு அரங்கத்தில் மோதுகிறவன் பல அடி வாங்கியும் ஜெயிக்கலாம், கூர்வாள் சண்டையிலோ ஒரு தடுப்பு தவறினால் சாவுதான் என்கிறார். கூர்வாளோடு ஒரு தடவை மோதுவதைவிட அரங்கத்தில் மூன்று தடவை மோதவே விரும்புவாராம். இந்த வித்தியாசம் அவருக்கு அறுநூறு வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு முகமூடி போட்டவுடன் நமக்கு மறந்துவிடுகிறது.

வழி பலவிதம். இரட்டை அடிக்கு இருவருக்குமே புள்ளி கிடையாது என்பார்கள். இத்தனை இரட்டைக்கு மேல் போனால் இருவருமே தோற்றவர்கள் என்பதும் உண்டு. அடி வாங்கியவன் உடனே திருப்பி அடித்தால் முதல் அடியின் மதிப்பைக் குறைப்பதும் உண்டு. எனக்குப் பிடித்தது பெல்ஜியம், பிரான்ஸ் பக்கத்துச் சங்கங்களிலிருந்து வந்த 'அரசர்' ஆட்டம். ஒருவர் அரசராக நிற்பார், மற்றவர்கள் வரிசையாக வந்து மோதுவார்கள். இருவருக்குமே பட்டால் அரசருக்குத்தான் வெற்றி. சவால் விட்டவன் தன் மேல் படாமல் தொட்டால்தான் கிரீடம் மாறும். அந்த ஆட்டத்தில் அரை மணி நேரம் ஆடினாலே கண்மூடித்தனமாகப் பாய்கிற பழக்கம் கொஞ்சம் குறையும்.

எனக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் போட்டிக்கெல்லாம் வரமாட்டேன். சேர்க்க மாட்டார்களா?

தாராளமாகச் சேருங்கள் அக்கா. எங்கள் குழுவில் பாதிப் பேர் போட்டிப் பக்கமே வந்ததில்லை. அவர்களில் ஒருவர்தான் எங்களுக்குப் பழைய ஜெர்மன் படித்துச் சொல்கிறார். அப்புறம் ஒன்று. இன்று இங்கிலாந்தில் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டுச் சுவடியில், வாளும் சிறு கேடயமுமாக ஒரு பாதிரியாரும் அவர் மாணவரும் பயிலும் படங்கள் உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் வால்பூர்கிஸ் என்ற பெண் வாளோடு நிற்கிறாள். ஒன்று மட்டும்: மாதம் ஒரு தடவையாவது முகமூடி போட்டு யாருடனாவது கட்டற்று மோதிப் பாருங்கள். அதற்குப் புள்ளியும் வேண்டாம், நடுவரும் வேண்டாம்.

நீங்கள் இன்னும் போட்டிக்குப் போகிறீர்களா? ஜெயிக்கிறீர்களா?

போகிறேன், வருடத்துக்கு இரண்டு. கடைசியாகப் போனதில் முதல் சுற்றில் நாலு ஆட்டம், மூன்றில் தோல்வி. அதில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், ஒரே வெட்டை மூன்று தடவை என் இடது தோளில் வைத்தான். வாளும் வாளும் முட்டி நிற்கும்போது நான் அழுத்துவேன். அவன் எதிர்த்து அழுத்தாமல் வாளைச் சட்டென்று மேலே உருவி மறுபக்கம் இறக்கினான். எந்தச் சுவடியில் படித்தாய் என்று கேட்டேன். சுவடியெல்லாம் படிப்பதில்லை, அழுத்தம் கையில் தெரிந்தது என்றான். வீட்டுக்கு வந்து லீக்டனவர் பாட்டின் உரையைப் புரட்டினேன். எதிராளி பலமாக அழுத்தினால் மேலே உருவி மறுபக்கம் வெட்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியின் கீழே பென்சில் கோடு வேறு, சேர்ந்த வருடம் நானே போட்டது.