தடைக்காலத்துக்கு ஒரு பழைய விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டை உருவாக்கிய பெல்ஜிய நிறுவனமான லேரியன் ஸ்டூடியோஸைப் பற்றி எழுதியபோது, அந்நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிவைன் டிவினிட்டி’ என்ற ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிச் சண்டையிட்டு ஆடும் கணினி விளையாட்டு) மறந்துபோன மாணிக்கம், இன்றும் விளையாடத் தகுந்தது என்று ஒரே வரியில் சொல்லியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வாசகர்கள் பலவாறாகக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நான் விசைப்படகில் வேலை செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில்தான் இருப்பேன். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இன்னும் வேலை செய்கிறது. பால்டர்ஸ் கேட் 3 அதில் ஓடாது என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சொன்ன பழைய விளையாட்டாவது ஓடுமா?
– வாசகர், பாம்பன்

ஓடும். பால்டர்ஸ் கேட் 3 தன்னை நிறுவிக்கொள்வதற்கே 150 ஜிபி இடம் கேட்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்கிறது. டிவைன் டிவினிட்டியோ சிடியில் விற்கப்பட்ட காலத்து விளையாட்டு. சில ஜிபி இடம் போதும். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத மடிக்கணினிகூட அதை மூச்சு வாங்காமல் ஓட்டிவிடும் என்பதால், மே மாத வெயிலில் மின்விசிறி இரைந்து கணினி சூடேறி நின்றுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இரண்டு கடைகளிலும் இது கிடைக்கிறது. ஸ்டீமில் யுபிஐ மூலம் பணம் செலுத்தலாம். ஜிஓஜியில் வாங்கினால் நிறுவும் கோப்பைத் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ள முடியும். அதன்பின் விளையாடுவதற்கு இணையம் தேவையில்லை. சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் ஜிஓஜியையே பரிந்துரைப்போம்.

புதிய விண்டோஸில் திரை கறுத்து நின்றாலோ எழுத்துகள் உடைந்து தெரிந்தாலோ, விளையாட்டுடன் வரும் அமைப்பு நிரலைத் திறந்து, டைரக்ட்3டி என்றிருக்கும் காட்சி முறையை வேறு முறைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். கதையை முடிப்பதற்கு நிதானமாக ஆடுபவருக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம் பிடிக்கும். வலை பின்னுவது, படகுக்கு வண்ணம் அடிப்பது என்று கரையிலும் உங்களுக்கு வேலை இருக்கும் என்பதை அறிவோம். இருந்தாலும் தடைக்காலம் முடிவதற்குள் தாராளமாக முடித்துவிடலாம்.

படங்களைப் பார்த்தேன். மேலிருந்து சாய்வாகத் தெரியும் காட்சி, கீழே அளவுமானிகள், கூட்டமாக வரும் எலும்புக்கூடுகள் என்று அப்படியே ‘டையாப்லோ 2’ போல இருக்கிறது. நகலைத்தான் மறந்துபோன மாணிக்கம் என்கிறீர்களா?
– பொறியியல் மாணவி, கீழக்கரை

உங்கள் ஐயம் நியாயமானது. 2002ஆம் ஆண்டில் விமர்சகர்கள் பலரும் இதே ஐயத்தோடுதான் தொடங்கினார்கள். டையாப்லோ 2 வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது; அதே கோணத்தில் காட்சி, அதே மாதிரி மவுஸைச் சொடுக்கிச் சண்டை என்று எது வந்தாலும் நகல் என்ற முத்திரை விழுந்தது. போதாக்குறைக்கு அதே ஆண்டில் ‘மாரோவிண்ட்’, ‘நெவர்விண்டர் நைட்ஸ்’, ‘டஞ்சன் சீஜ்’ ஆகிய மூன்று பெரிய விளையாட்டுகளும் வந்து கடையின் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. பெயரும் உதவவில்லை. லேரியன் நிறுவனர் ஸ்வென் வின்கே வேறு பெயர்தான் வைத்திருந்தார் என்றும், ஜெர்மானிய வெளியீட்டாளரான சிடிவி நிறுவனமே இந்தப் பெயரைச் சூட்டியது என்றும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். இரண்டு சொற்களும் ஒரே பொருளைச் சொல்லும் அந்தப் பெயரைக் கடையில் பார்ப்பவர், உள்ளே அறிவார்ந்த நகைச்சுவையுள்ள ஒரு விளையாட்டு இருக்கும் என்று எப்படி எண்ணுவார்?

ஆனால் சண்டையிடும் முறை மட்டுமே டையாப்லோவிலிருந்து வந்தது. உலகத்தைக் கட்டிய விதம் 1992இல் வெளிவந்த ‘அல்டிமா 7’ விளையாட்டைச் சார்ந்தது. வின்கேக்கு மிகப் பிடித்த விளையாட்டு அதுவே என்பது அவரது பேட்டிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அல்டிமா வழி என்பது என்னவென்றால், திரையில் தெரியும் பொருள் வெறும் படமாக நிற்காமல் கைக்கு அகப்பட வேண்டும் என்பதுதான். டிவைன் டிவினிட்டியில் பீப்பாயை மவுஸால் பிடித்து இழுத்து நகர்த்தலாம்; நகர்த்திய இடத்தில் ஒரு சாவியோ கீழே இறங்கும் கதவோ இருக்கக்கூடும். கட்டிலில் படுத்து உறங்கினால் உடல்நலம் திரும்பும். காட்டில் பறித்த மூலிகையையும் காளானையும் வெற்றுக் குப்பியில் சேர்த்து மருந்து தயாரிக்கலாம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய பொருளை எடுத்தால் அவர் சும்மா இருக்கமாட்டார். வணிகரிடம் இருக்கும் பொன்னுக்கும் ஓர் அளவு உண்டு என்பதால், விலையுயர்ந்த வாளை விற்கப் போனவர் பொன் போதாமல் பாதிக்குப் பண்டமாகவே வாங்கிக்கொண்டு வர நேரிடும். ஊரில் உங்களுக்குள்ள நற்பெயரைப் பொறுத்து அந்த விலையும் ஏறி இறங்கும்.

வீரர், மந்திரவாதி, சர்வைவர் (தந்திரத்தால் பிழைப்பவர்) என்று மூன்று வகைப் பாத்திரங்கள் உண்டு. மூன்றிலும் ஆணாகவோ பெண்ணாகவோ தொடங்கலாம். எந்த வகையில் தொடங்கினாலும், மூன்று வகைகளுக்கும் உரிய திறன்களில் எதை வேண்டுமானாலும் பின்னர் கற்றுக்கொள்ளலாம் என்பது அன்றைக்குப் பெரிய சுதந்திரம். டையாப்லோ 2இல் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால் இறுதிவரை அதன் திறன்களோடுதான் இருக்க வேண்டும். இங்கே கோடரி வீசும் பெண், பூட்டுத் திறக்கவும் கற்று, விண்கல் மழையையும் பொழியலாம். இதற்கு ஒரு விலையும் இருக்கிறது: ஏறத்தாழ நூறு திறன்களில் சில, புள்ளிகளை விழுங்கிவிட்டுப் பயன் எதையும் தராதவை.

எங்கள் மதிப்பில் இந்த விளையாட்டின் தலைசிறந்த பொருள் ஆயுதம் அன்று. தொடக்கப் பகுதியிலேயே கிடைக்கும் இரண்டு சிறு பிரமிடுகள். ஒன்றை ஓரிடத்தில் போட்டுவிட்டு, மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். கையிலிருப்பதைப் பயன்படுத்தினால் மறுகணம் போட்ட இடத்தில் நிற்பீர்கள். ஊரின் வணிகர் அருகே ஒன்றை வைத்துவிட்டுக் குகைக்குள் போனால், மூட்டை நிறைந்தவுடன் வந்து விற்றுவிட்டுத் திரும்பலாம். இதைக் கொண்டு வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று விளையாட்டு சொல்லித் தருவதில்லை; ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ விளையாட்டில் இதே பிரமிடுகள் மீண்டும் வந்தன. பால்டர்ஸ் கேட் 3இல் பெட்டிகளை அடுக்கி மதிலேறும் ரசிகர்கள் புதிது என்று வியப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே நகலா என்ற உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: தோல் டையாப்லோவினுடையது; உள்ளே இருப்பது வேறு.

உங்கள் குறிப்பைப் படித்து வாங்கினேன். முதல் ஊருக்கு அடியிலுள்ள சுரங்கக் கல்லறையில் ஓயாமல் செத்துக்கொண்டிருக்கிறேன். விட்டுவிடலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

விட வேண்டாம். இந்த விளையாட்டைப் பாதியில் கைவிட்டவர்களில் பலர் அந்தக் கல்லறையில்தான் கைவிட்டிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். அலெராத் என்னும் வைத்தியர்களின் சிற்றூரில் கண்விழிக்கிறீர்கள். அவர்களின் தலைவரான மார்டேனியஸ் சித்தம் கலங்கிக் கிடக்கிறார். காரணத்தைத் தேடிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. கதைக்கு இது பொருத்தமான தொடக்கம்தான். ஆனால் ரிவெல்லான் என்னும் அந்த விரிந்த நாட்டைக் காட்டுவதற்கு முன்பே, இருண்ட பாதாளத்தில் தளம் தளமாக எலும்புக்கூடுகளோடு மோதவிட்டது வடிவமைப்பாளர்களின் பிழை என்றே கருதுகிறோம்.

கீழே ஒரேயடியாக இறங்கி முடித்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலில் ஊரில் எல்லாரிடமும் பேசி, கிடைக்கும் சிறு வேலைகளைச் செய்து, ஓரிரு நிலை உயர்ந்தபின் இறங்குங்கள். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆட்டம் நிற்கும். நின்ற நிலையிலேயே மருந்து குடிக்கலாம், யாரைத் தாக்குவது என்று முடிவு செய்யலாம். கூட்டமாக வந்தால் வாசற்படிக்குப் பின்வாங்கி ஒவ்வொருவராக உள்ளே வரச் செய்யுங்கள். அடிக்கடி சேமியுங்கள், மின்வெட்டுக்காகவும்தான் சொல்கிறோம், பழைய மடிக்கணினி பேட்டரிகளை நம்ப முடியாது.

அங்கே போகும்போது ஓரிடத்தில் வாளை உயர்த்தாமல் சற்று நின்று கேளுங்கள். தசையும் நரம்பும் இல்லாத நாம் எப்படி நடக்கிறோம், எது நம்மைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று இரண்டு எலும்புக்கூடுகள் தமக்குள் விவாதித்துக்கொண்டிருக்கும். அந்த விவாதம் எங்கே போய் முடிகிறது என்பதை நாங்கள் சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்களானால் இந்த விளையாட்டு உங்களுக்கு உரியதுதான்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான் வரும். உரையாடல் அதிகம் என்கிறார்களே, சமாளிக்க முடியுமா?
– கடைக்காரர், தொண்டி

தமிழில் இல்லை. உரையாடல், புத்தகங்கள், நாட்குறிப்புகள் என்று எழுத்து நிறையவே உண்டு. நகைச்சுவையில் பாதி அந்த எழுத்தில்தான் இருக்கிறது என்பதால் வேகமாகத் தாண்டிப் போனால் இழப்பு உங்களுக்கே. ஆனால் பேசுபவர் உங்கள் விடைக்காகக் காத்திருப்பார். நேரக்கெடு எதுவும் இல்லை. பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு தெரியாத சொல்லைப் பார்த்துப் பார்த்துப் படிக்கலாம். ஏற்றுக்கொண்ட பணிகளை விளையாட்டே குறித்து வைத்துக்கொள்ளும். பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தவருக்கு இது முடியாத காரியம் இல்லை.

திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். இந்த விளையாட்டின் இசையை ஒரு நண்பர் கேட்கச் செய்தார். யார் இசையமைத்தது?
– வாசகர், இராமேஸ்வரம்

கிரில் பொக்ரோவ்ஸ்கி. அவரும் உங்களைப் போலவே கீபோர்டு வாசித்தவர்; ‘ஆரியா’, ‘மாஸ்டர்’ என்ற ரஷ்ய ஹெவி மெட்டல் குழுக்களில் இருந்துவிட்டுப் பின்னர் லேரியனின் இசையமைப்பாளரானார். அதிரும் இசைக்குழுவிலிருந்து வந்தவர் இவ்வளவு மென்மையாக எழுதியிருக்கிறார் என்பதே வியப்பு. ஊர்ப்பகுதிகளில் ஒலிக்கும் இசையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்; போர்முரசு கொட்டாமல், நடைக்கேற்ற நிதானத்தில், திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காத மெட்டுகள். ‘ஒரிஜினல் சின்’ வரைக்கும் லேரியனுக்கு இசையமைத்த அவர் 2015இல் காலமானார். ‘ஒரிஜினல் சின் 2’, பால்டர்ஸ் கேட் 3 ஆகியவற்றின் இசை போரிஸ்லாவ் ஸ்லாவோவ் என்பவருடையது. அதுவும் நல்ல இசைதான். எங்களுக்குப் பிடித்தது பழையதுதான்.

என் மகனுக்குப் பத்து வயது. அண்ணனோடு சேர்ந்து இதை ஆட வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?
– தாய், மண்டபம்

இப்போது வேண்டாம் அம்மா. இரத்தம், பிணங்கள், கொள்ளைநோய் பரவிய ஒரு நகரம் என்று இருண்ட காட்சிகள் பல வருகின்றன. பதினைந்து, பதினாறு வயதுக்குப் பிறகு ஆடுவதே பொருத்தம். தவிரவும் இது ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. இருவர் சேர்ந்து ஆட வழியில்லை.

இறுதிவரை இதே தரம் இருக்கிறதா? அடுத்தடுத்த பாகங்களை எந்த வரிசையில் ஆடலாம்?
– வாசகர், சாயல்குடி

இல்லை. முதல் பாதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் இரண்டு மூன்று முடிவுகள் என்று இருந்தது, பிற்பகுதியில் பாழ்நிலத்துக்குள் நுழைந்ததும் சண்டை மேல் சண்டையாகிவிடுகிறது. பணமும் காலமும் தீர்ந்துபோன ஒரு சிறு நிறுவனத்தின் அவசரம் அங்கே தெரிகிறது. அந்தக் கட்டத்தில் கடினநிலையைக் குறைத்துக்கொண்டு கதையை முடித்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த பாகங்களைப் பொறுத்தவரை, 2004இல் வந்த ‘பியாண்ட் டிவினிட்டி’யைத் தாண்டிவிடலாம், கதாநாயகனும் ஒரு மரண வீரனும் ஆன்மாவால் பிணைக்கப்படும் அதன் கரு நன்றாக இருந்தும், ஆடும்போது அலுப்புத் தட்டுகிறது. 2009இல் வந்த ‘டிவினிட்டி 2’ நேரடிச் சண்டையும் டிராகனாக மாறிப் பறப்பதுமாக முற்றிலும் வேறு வகை. கதைத் தொடர்ச்சி வேண்டுபவர் ஆடலாம். மற்றவர்கள் நேரே 2014ஆம் ஆண்டின் ‘ஒரிஜினல் சின்’ விளையாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அதில் சண்டை முறைவைத்து நடப்பது. டிவைன் டிவினிட்டியின் வேகத்துக்குப் பழகிய கைக்கு முதல் சில மணி நேரம் பொறுமை வேண்டியிருக்கும்.