பெட்டி எங்கே நிற்கிறது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முன்பெல்லாம் கேட்ட அன்றே ட்ரெய்லர் வந்துவிடும். இப்போது நான்கு நாள் முன்னாடியே சொன்னாலும் "வண்டி இல்லை" என்கிறார்கள். அத்தனை வண்டியும் எங்கே போயிற்று? (பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்)

பதில்: எங்கேயும் போகவில்லை, வரிசையில் நிற்கின்றன. தூத்துக்குடியில் யார்டில் (பெட்டிகள் அடுக்கும் திடல்) காலிக் கன்டெய்னர் பெட்டியை எடுத்து, ஏறக்குறைய 300 கி.மீ. வந்து, உங்கள் கம்பெனியில் சரக்கு ஏற்றி, திரும்பிப் போய் துறைமுகத்தில் இறக்கினால்தான் ஒரு நடை. தடங்கல் இல்லாவிட்டால் அதற்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். 30 வண்டி உள்ளவர் மாதம் 450 நடை ஓட்டலாம். துறைமுக வாசலில் ஒரே ஒரு நாள் காத்திருப்பு கூடினால் நடைக்கு மூன்று நாள். அதே 30 வண்டியில் 300 நடைதான் வரும். ஒரு வண்டிகூடக் குறையாமல் 150 நடை காணாமல் போய்விடுகிறது.

வாசலில் ஏன் நிற்கிறது? 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. கப்பல்கள் நாள் தவறி, கூட்டமாக வந்தன. தூத்துக்குடிப் பெட்டிகளில் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. பெரிய கப்பல் தாமதித்தால் கொழும்பு யார்டு நிறையும், சிறு கப்பலுக்குக் கரையில் நிற்கத் தளம் கிடைக்காது, அது ஏற்ற வேண்டிய பெட்டிகள் தூத்துக்குடியிலேயே தேங்கும். பெட்டிகளை நான்கைந்து அடுக்காக வைத்திருக்கும் யார்டில் அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளவற்றையெல்லாம் நகர்த்த வேண்டும். யார்டு நிறைய நிறைய இந்த வீண் தூக்கல் பெருகும். அதே கிரேன், அதே ஆட்கள், ஆனால் மணிக்கு வெளியேறும் வண்டி குறைவு.

உங்களால் குறைக்க முடிந்தது, வண்டி உங்கள் வாசலில் நிற்கும் நேரம். 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய ‘ஹை க்யூப்’ பெட்டியில் கணக்குப்படி 76 கன மீட்டர் இடம் இருந்தாலும், அட்டைப்பெட்டிகள் அடுக்கினால் 68 அளவில்தான் கொள்ளும். 60×40×40 செ.மீ. அட்டை என்றால் சுமார் 700. பேக்கிங் முடிந்து, எண் ஒட்டி, வாசலருகே அடுக்கியிருந்தால் ஆறு பேர் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். வண்டி வந்தபிறகு அயர்ன் மேஜையிலிருந்து கட்டுக்கட்டாக வந்தால் ஒரு பகல் போய்விடும். வண்டியைச் சீக்கிரம் விடும் கம்பெனிக்குத்தான் லாரி ஷெட்டில் முதலில் வண்டி ஒதுக்குவார்கள்.

கேள்வி: கட்-ஆஃப் நேரத்துக்கு (கப்பலுக்குப் பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) முன்பே போய்ச் சேர்ந்தும், வாசலில் திருப்பிவிட்டார்கள். பெட்டி அடுத்த கப்பலுக்குப் போய்விட்டது. எதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும்? (கரூர்)

பதில்: பெரும்பாலும் எண் தவறுதான். கதவில் உள்ள பெட்டி எண் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கட்ட இலக்கம் முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. ஓர் எண் மாறினாலும் பொதுவாகக் கணினி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஃபோனில் கேட்டு எழுதாதீர்கள். ஓட்டுநரிடம் கதவின் படமும் சீலின் படமும் வாங்கி, அதைப் பார்த்து ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிக்கை), ஃபார்ம் 13 (துறைமுக வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு), எடைச் சான்று மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள்.

எடைச் சான்று (வி.ஜி.எம்.) 1 ஜூலை 2016 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம். சரக்கு, அட்டை, பலகை, கயிறு, காலிப் பெட்டி எல்லாம் சேர்ந்த எடை அது. காலிப் பெட்டியின் எடை கதவிலேயே எழுதியிருக்கும். அதைக் கூட்ட மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சரக்கு ஏற்றும் முன் ஒருவர் உள்ளே நின்று கதவை மூடச் சொல்லிப் பார்க்கட்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்த வழியே மழையும் வரும். பெட்டியை மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சென்னைத் துறைமுகத்திலிருந்து இயந்திரப் பாகங்கள் எடுக்கிறோம். வரிசையில் நின்றே இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) காலாவதியாகிறது. டிடென்ஷனும் ஏறுகிறது. (கோவை)

பதில்: இ-வே பில்லுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு; கோவைக்கு 500 கி.மீ. அளவு என்பதால் மூன்று நாள் கிடைக்கும். அந்த நாள் கணக்கு பில்லின் ‘பி’ பகுதியில் வண்டி எண்ணை முதலில் பதியும்போதுதான் தொடங்குகிறது. சரக்கு விவரம் எழுதும் ‘ஏ’ பகுதியை முன்கூட்டியே போட்டுவைத்து, பெட்டி வண்டியில் ஏறப்போகிற சமயத்தில் ‘பி’யை நிரப்புங்கள். அப்படியும் தாமதமானால், காலாவதிக்கு முந்தைய 8 மணி நேரத்திலோ, பிந்தைய 8 மணி நேரத்திலோ நீட்டிக்கலாம்.

டிடென்ஷன் என்பது கப்பல் கம்பெனி பெட்டிக்கு வாங்கும் வாடகை. யார்டு வாங்கும் தரை வாடகை வேறு. இரண்டுக்கும் இலவச நாள்கள் தனித்தனி. சரக்கு புக் செய்யும்போதே பெட்டிக்கு 14 இலவச நாள் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கப்பல் வந்தபின் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கை) கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கான கடைசி நாளைத் தவறவிட்டால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

கேள்வி: இறக்குமதி மூலப்பொருள் எவ்வளவு இருப்பு வைக்கலாம்? (சேலம்)

பதில்: சராசரியை நம்பாதீர்கள். கடைசி ஆறு சரக்கில், ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர மிக அதிகமாக எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். சராசரி 30 நாள், அதிகபட்சம் 44 நாள், தினத் தேவை 40 கிலோ என்றால், கையிருப்பு 1,760 கிலோவுக்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போக வேண்டும். 1,200 கிலோ வரை காத்திருந்தால் ஒரு தாமதத்தில் மெஷின் நிற்கும்.

கேள்வி: ஓட்டுநர் பற்றாக்குறை என்கிறார்கள். இரண்டு நாள் வரிசையில் கிடந்தால் படியும் இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை. யார் வருவார்கள்? (ட்ரெய்லர் ஓட்டுநர், நாமக்கல்)

பதில்: நீங்கள் சொல்வதுதான் பற்றாக்குறைக்குக் காரணம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நிற்கும் ஒவ்வொரு மணியும் ஓட்டுநர் தலையில் விழுகிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. வரிசையில் ஸ்டீயரிங்கை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். வண்டி காத்து நிற்பதற்குச் சரக்குக்காரர் தரும் ஹால்டிங் பணத்தில் ஓட்டுநர் பங்கு எவ்வளவு, எத்தனை மணிக்குப் பிறகு தொடங்கும் என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். வரிசையில் சேர்ந்ததும் நேரமும் இடமும் தெரியும்படி ஒரு படம், வாசல் சீட்டு ஒரு படம், வெளியேறும் சீட்டு ஒரு படம். மூன்றையும் அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் வாய்க்கணக்காகச் சொன்னால் சரக்குக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், உங்கள் காசும் வராது.