ஒரே குத்து, எந்தப் பிரிவு? கொலையும் கொலையாகாத மரணமும்: கேள்வி பதில்

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முன் நடந்தது என்றால், தீர்ப்பு இன்று வந்தாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். பழைய எண்ணை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

ஆள் செத்தாச்சு. அதுல என்ன சார் கொலை, கொலையாகாத மரணம்னு பிரிவினை?

செத்தவருக்கு வித்தியாசம் இல்லை. செய்தவரின் மனநிலையில்தான் சட்டம் கோடு போடுகிறது. பிரிவு 100 (299), அதாவது மரணம் விளைவிக்கும் குற்றம், வெளிவட்டம்: மரணம் நேரக்கூடும் என்கிற அளவிலான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினாலே உள்ளே வந்துவிடும். 101 (300), அதாவது கொலை, உள்வட்டம்: இயற்கையான போக்கில் மரணத்தை விளைவிக்கவே போதுமான காயம். "நேரக்கூடும்", "போதுமான" என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் பாதி வழக்குகள் நடக்கின்றன.

ஒரே ஒரு குத்துதான். கொலையாகாத மரணத்துக்கான பழைய 304-க்கு இறங்கிவிடும் என்கிறார்களே?

குத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இறங்காது. 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கில் ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து. குடல் வெளியே வந்து, மறுநாள் மரணம். கொலைதான் என்றது நீதிமன்றம். பார்க்க வேண்டியவை நான்கு: காயம் இருக்கிறதா, அது எத்தகையது, அந்தக் காயத்தைத்தான் உண்டாக்க நினைத்தாரா (கை தவறியோ எதிராளி திரும்பியதாலோ பட்டதா), அது மரணத்துக்குப் போதுமானதா. நான்காவதைக் குற்றவாளி அறிந்திருக்க வேண்டியதில்லை. மருத்துவச் சான்றை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். "சாகடிக்க நினைக்கலை" என்ற வாதம் இங்கேதான் தடுக்கி விழுகிறது.

அதனால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் குறுக்கு விசாரணை முக்கியம். காயத்தின் ஆழம், எந்த உறுப்பு, எலும்பு உடைந்ததா, எந்தக் காயத்தால் மரணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆயுதம் கையோடு கொண்டு வந்ததா, அங்கே கிடந்ததா என்பதும் எடைபோடப்படும்.

டீக்கடையில் வாய்த்தகராறு முற்றி, கிடந்த கட்டையால் அடித்ததில் மரணம்?

101-இல் சில விதிவிலக்குகள் உண்டு; அதில் அடங்கினால் கொலை, கொலையாகாத மரணமாக இறங்கும். அதில் நான்காம் விதிவிலக்கைப் பாருங்கள். முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை, ஆத்திர வேகம், கொடூரமாகவோ வரம்பு மீறிச் சாதகம் எடுத்தோ நடக்காமை ஆகியவை சேர்ந்தே இருக்க வேண்டும். யார் முதலில் ஆரம்பித்தது என்பது பொருட்டில்லை. விழுந்து கிடந்தவரை மேலும் நாலு அடி அடித்திருந்தால் விதிவிலக்கு கைவிட்டுப் போகும்.

மாதக்கணக்கில் குடித்துவிட்டு அடித்துத் துன்புறுத்தியவரை மனைவி ஒருநாள் கொன்றுவிட்டால் "திடீர்" என்று சொல்ல முடியுமா?

முதல் விதிவிலக்கு கேட்பது கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல். மனைவியின் காதலரைக் கடற்படை அதிகாரி சுட்டுக் கொன்ற நானாவதி வழக்கில் (1961), விஷயம் தெரிந்ததற்கும் சுட்டதற்கும் இடைப்பட்ட சுமார் மூன்று மணி நேரம் கோபம் தணியப் போதும் என்று சொல்லி விதிவிலக்கு மறுக்கப்பட்டது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் சுயம்புக்கனி வழக்கில் "தொடர் ஆத்திரமூட்டல்" என்ற கருத்தை ஏற்றது. மனதில் தேங்கிய கொதிப்பு கடைசியில் ஒரு சிறு சம்பவத்தில் வெடிப்பது அது. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் மறக்கக் கூடாத தீர்ப்பு. பழைய புகார் மனுக்கள், சிகிச்சைச் சீட்டுகள், அக்கம்பக்கத்தார் சாட்சியம் இல்லாமல் வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

தண்டனை எவ்வளவு மாறும்?

கொலை, 103 (302): மரணம் அல்லது ஆயுள், அபராதமும் உண்டு. 105 (304) முதல் பகுதி, எண்ணத்தோடு செய்தால்: ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. 5 என்ற குறைந்த அளவு புதுச் சட்டத்தில் வந்தது. இரண்டாம் பகுதி, மரணம் நேரக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்து எண்ணம் இல்லையென்றால்: 10 ஆண்டு வரை, அபராதமும் சேர்த்து. பழைய சட்டத்தில் அபராதத்தோடு மட்டும் விடவும் இடம் இருந்தது, இப்போது இல்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆள் இறந்தால் கவனக்குறைவுதானே?

எப்போதும் அல்ல. வெறும் கவனக்குறைவுக்கு 106 (304ஏ), 5 ஆண்டு வரை. மும்பையில் நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் அறிவோடு நடந்த குற்றம் என்று 304 இரண்டாம் பகுதியை உறுதி செய்தது.

ஒருவருக்கு வைத்த விஷத்தை வேறொருவர் சாப்பிட்டால்?

கொலைதான், பிரிவு 102 (301). 1912-இலேயே சென்னை உயர் நீதிமன்றம், விஷம் கலந்த அல்வாவை எடுத்துத் தின்ற சிறுமியின் சாவில் இதைத்தான் சொன்னது. இதற்கு நேர்மாறாக 1919-இன் பழனிக் கவுண்டன் வழக்கு: கொழுவால் அடித்த மனைவி மயங்கிக் கிடக்க, இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலைபோல் காட்டத் தூக்கில் கட்டினார். உயிர் போனது கயிற்றில்தான். உயிருள்ளவரைக் கொல்லும் எண்ணமே இல்லை என்று சொல்லி முழு அமர்வு கொடுங்காயம் விளைவித்த குற்றத்தோடு நிறுத்தியது. படிக்கும்போது இன்றைக்கும் உறுத்துகிற தீர்ப்பு.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார். "சரியான சிகிச்சை கிடைக்கலை" என்பது எதிர்வாதம் ஆகுமா?

ஆகாது. தகுந்த சிகிச்சையால் பிழைத்திருக்கலாம் என்றாலும், காயத்தை உண்டாக்கியவரே மரணத்தை விளைவித்தவர் என்று 100-இன் விளக்கம் 2 சொல்கிறது. எஃப்ஐஆர் கொலை முயற்சி, 109 (307) என்று இருந்தால், இறந்ததும் போலீஸ் பிரிவு மாற்ற அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்பும். அதன் நகலை வாங்கிவையுங்கள். தொற்றோ வேறு நோயோ குறுக்கே வந்திருந்தால் சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் வரவழைத்துக் கேளுங்கள்; 103 கேஸ் 105 ஆவது பல சமயம் அந்தத் தாள்களில்தான்.